அத்தானின் பிரெஞ்சும் சுவிஸ் மணிக்கூடும்

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் என் அத்தானுக்கு இன்று பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சை. தேறினால்தான் வேலை நிரந்தரமாகும். அக்காவுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன்.

அத்தான் வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவர் அல்ல. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் யாரோ விட்டுப்போன, விலையுயர்ந்த சுவிஸ் மணிக்கூட்டுக் கம்பனி ஒன்றின் வரலாற்றைச் சொல்லும் பிரெஞ்சுப் புத்தகத்தை மெட்ரோவில் ஆறு மாதமாக வாசித்துப் படித்தவர்.

அத்தான் உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து, பரீட்சை நடத்திய அம்மா கதவைத் திறந்து என்னிடம் கேட்டார்: "இவர் மணிக்கூடு விற்கிறவரா?"

விருப்பமான விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னாராம். கம்பனி தொடங்கிய மலைக்கிராமம், நிலவு வளர்ந்து தேய்வதைக் காட்டும் மணிக்கூடு, கடலில் மூழ்கும் சுழியோடிகளுக்கென்று செய்த மணிக்கூடு என்று அத்தான் தடங்கலில்லாமல் பேசியிருக்கிறார்.

பிறகு, "இன்று இங்கே எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டதற்கு முழிமுழியென்று முழித்தாராம்.

"ஏன் அத்தான், பஸ்ஸிலை வந்தனான் எண்டு சொல்லத் தெரியாதே?"

"அந்தப் புத்தகத்திலை ஒருத்தரும் பஸ்ஸிலை போகேல்லைப் பிள்ளை."

அந்த அம்மாவே சொல்லை எடுத்துக் கொடுத்து, பாஸும் போட்டுவிட்டார். அக்காவுக்குப் போன் எடுத்து அத்தானே இரண்டு தரம் சொன்னார். நான் பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தானை வாழ்த்துகிறவர்கள் தமிழிலேயே வாழ்த்துங்கள். பிரெஞ்சில் வாழ்த்தினால் பதில் நிலவு, மலை, கடல் என்று நீளமாக வரும்.