வெள்ளிப்பூண் போட்ட சுறாப்பல்

பாப்பாவுக்கு நாலு வயது. மிக்ஸி ஓடினாலும் அலறுவாள். புலிப்பல் கட்டினால் பயம் தெளியும் என்று என் மனைவி பிடித்த பிடியாக நின்றாள். அந்தச் சமயம் பார்த்து, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டும் நண்பன் ஒரு பல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். என்றோ அழிந்துபோன சுறாவின் பல்லாம்; கல்லாகிக் கிடந்ததாம். ராஜபாளையத்தில் ஆசாரியிடம் கொடுத்து வெள்ளிப்பூண் போட்டேன். முனை மட்டும்தான் வெளியே தெரிந்தது. மீன் பல் என்றால் மனைவி கட்ட விடமாட்டாள் என்று புலிப்பல் என்றே சொல்லிவிட்டேன். பாப்பாவும் கொஞ்சம் தெளிந்தாள். நானும் சொன்ன பொய்யை மறந்துபோனேன்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி செண்பகத்தோப்புக்குப் போனோம். வனத்துறைச் சோதனைச்சாவடியில் எங்கள் பையைச் சோதித்த காவலர், பாப்பாவின் கழுத்தைப் பார்த்தார்.

"இது என்ன பாப்பா?"

"புலிப்பல்லு!" என்றாள், பெருமையாக.

புலிகள் காப்பகத்தின் வாசலிலேயே மாட்டிக்கொண்டோம்.

வன அலுவலகத்தில் ரேஞ்சர் முன்னால் நிறுத்தினார்கள். "சார், இது புலியே இல்ல சார். சுறாப்பல்லு," என்றேன். எனக்கே அது பொய்போலக் கேட்டது.

"மாட்டுறவன் அம்புட்டுப் பேரும் இப்பிடித்தான் ஏதாச்சும் சொல்லுதான்," என்றவர், என் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "புலிப்பல்லுதான் சார். இவுகதான் வாங்கியாந்தாக."

புலிப்பல் வைத்திருந்தால் ஜாமீன்கூடக் கிடைக்காது என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. பாப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பல்லைப் பார்க்க ரேஞ்சர் வரச்சொன்ன கால்நடை மருத்துவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை மனைவி தலை நிமிரவே இல்லை.

மருத்துவர் குறடால் பூணை நெம்பிக் கழற்றினார். உள்ளே கவட்டைபோல விரிந்த அடிப்பகுதி இருந்தது. ஓரத்தை நகத்தால் நிரடிவிட்டுச் சொன்னார்: "புலிப்பல்லு உருண்டையா, கூம்பா இருக்கும் சார். இது தட்டை. ஓரம் பூரா ரம்பம் மாதிரி இருக்கு. சுறாதான். இந்த இனமே இப்ப உலகத்துல இல்ல."

எழுதி வாங்கிக்கொண்டு எங்களை விட்டார்கள். பைக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பிச்சோம், பாத்தியா?" என்றேன்.

ராஜபாளையம் நெருங்கும்போதுதான் பின்னாலிருந்து மனைவி வாயைத் திறந்தாள். "என் வாயாலயே உங்கள மாட்டிவிடப் பாத்தனே. இன்னும் எதெல்லாம் பொய்னு இப்பவே சொல்லிருங்க."

ரேஞ்சரிடம் ஒரு பல்லைக் காட்டித் தப்பித்தேன். இவளிடம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.