ரோசம்மாவுக்கு வெட்டிய பாதை

நேற்று எங்கள் மலையிலுள்ள பிரிஞ்சாங் டவுனில் மருமகனின் வேனைப் பட்டறையில் விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் லோரியின் கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கந்தகம் கலந்த, அழுகிய முட்டை மாதிரியான வாடை. உடம்பில் பட்டால் இரண்டு குளியலுக்கும் போகாது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அந்த வாடை வந்தால் சூசை நினைவுக்கு வந்துவிடுவான். தேயிலைத் தோட்டத்தில் நான் டிராக்டர் ஓட்டிய காலத்தில் பட்டறை மெக்கானிக் அவன். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. வேலை முடிந்து வந்ததும் வாசல் குழாயடியில் சவுக்காரத் தூளைக் கொட்டிக் கை கழுவுவான். அந்தத் தண்ணீர் அவன் மனைவி ரோசம்மாவின் ரோஜாச் செடிகளுக்குள் ஓடும்.

“வெச்ச செடியெல்லாம் எண்ணெ குடிச்சே செத்துப் போவுதுலா” என்று உள்ளேயிருந்து அவள் ஏசுவாள். தினமும் ஏசுவாள். அவனும் தினமும் அங்கேயேதான் கழுவுவான்.

ஒரு காலையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்த ரோசம்மா அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் மறுநாள் மாலை என்றார்கள். மயானம் தோட்டத்தின் மேல்மேட்டில் இருந்தது. மழைக்காலம் வேறு. ஏறும் பாதை முழுக்க லாலான் புல் இடுப்பளவு நின்றது. அதில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது? தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கேட்டுக்கொண்டு, டிராக்டரின் பின்னால் புல்வெட்டும் இயந்திரத்தை மாட்டப் போனேன். அதன் கியர்பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் ஒழுகிக் குளமாகக் கிடந்தது. அப்படியே ஓட்டினால் உள்ளே பல்சக்கரம் தீய்ந்து பாதி மேட்டில் நின்றுவிடும்.

சூசையைத் தவிர அதைத் தொட வேறு ஆள் கிடையாது. அவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? நானே வெட்டுக்கத்தியைக் கழற்றினேன். சுழலும் தண்டில் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு சுற்றி, சூட்டில் உருகி, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பரை அறுத்திருந்தது. டவுனுக்குப் போய்ப் புதிதாக இரண்டு சீல் வாங்கி வந்து ஒன்றை அடித்து ஏற்றினேன். பெரிய நிபுணன் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் காலை எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்தால், பழையபடி சொட்டுகிறது.

நிமிர்ந்தபோது பின்னால் சூசை நின்றிருந்தான். அடக்கத்துக்கு எடுத்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான்.

“நீ ஏன் வந்த? வீட்டுக்குப் போ. ஆளுங்க வருவாங்க.”

“வந்துட்டாங்க மச்சான். எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. அங்க உக்கார முடியல.”

சட்டையைக் கழற்றி டிராக்டர் இருக்கையில் மடித்து வைத்தான். நான் போட்ட சீலைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் தண்டை நகத்தால் தடவினான். பழைய சீல் உராய்ந்த இடத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

“முழுசா உள்ள ஏத்தாத. கொஞ்சம் வெளியவே நிக்கட்டும். பள்ளத்துல உக்காந்தா ஒழுகத்தான் செய்யும்.”

இரண்டாவது சீலின் மேல் நான் குழாய்த் துண்டை வைத்துப் பிடித்துக்கொள்ள, அவன் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினான். கியர்பாக்ஸின் மேலே மண் அடைத்திருந்த காற்றுத் துளையையும் கம்பியால் குத்திவிட்டான். அடியில் ஓர் அட்டையை விரித்து, இயந்திரத்தை ஓடவிட்டு, இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை.

“அங்க ஒழுகக் கூடாது மச்சான். அவ மண்ணுல எண்ணெ சொட்டுனா ஏசுவா” என்றான். அப்போதுதான் அழுதான். அதுவரை அவன் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நான் ஓட்ட, அவன் முன்னால் நடந்து பாதையில் கிடந்த கற்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போனான். போகச் சொன்னாலும் கேட்கவில்லை. கல்லறைகளுக்கு நடுவே இருந்த புல்லை லயத்து ஆட்கள் கத்தியால் வெட்டினார்கள். மாலையில் பெட்டி தடங்கலில்லாமல் ஏறியது. ஜெபத்தில் சூசை கைகூப்பியபோது, அந்தக் கந்தக வாடை பக்கத்தில் நின்ற எனக்கு அடித்தது.

பிறகு தன் மகளோடு ஈப்போ நகரத்துக்குப் போன சூசை அங்கேயே அடக்கமானான். லயங்களை இடித்துவிட்டார்கள். கொழுந்து வெட்ட இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த மேட்டில் அடக்கமான சொந்தம் அவர்களுக்கு யாரும் இல்லை. போன வருஷம் மூச்சு வாங்க ஏறிப் போனேன். பாதை இல்லை. மரச்சிலுவைகள் இற்று விழுந்து, எது யாருடையது என்று தெரியாமல் காடு மூடிக் கிடந்தது. ரோசம்மா படுத்திருக்கும் இடத்தைக் கை காட்டிச் சொல்ல இனி நான் ஒருவன்தான்.