கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் வகுப்பு

1. முதல் நாள்

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் மையம் இருந்தது. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், தான் யாரென்று முடிவு செய்ய இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கிறவர்கள், எல்லோரும் வந்து உட்காரலாம். மையத்துக்குப் பணம் தரும் திட்டத்தின் பாஷையில் அது டிராப்-இன் சென்டர், எங்கள் வாயில் டி.ஐ.சி. அங்கே கவுன்சலராகச் சேர்ந்து, மேனேஜராகி, போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "அண்ணாச்சி, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்கிறார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் நான் அசடு வழிந்த கதைகள்தான். அதில் பெரியதை எழுதுகிறேன்.

முதல் நாள் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு போனேன். கண்ணீரோடு வருகிறவர்களைத் தேற்றப் போகிறோம் என்று நினைப்பு. வாசலில் நின்ற மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணி கேன் கீழ கெடக்கு, தூக்கிட்டு வாங்க" என்றாள். மல்லிகா திருநங்கை. ஃபீல்டு வேலையில் எனக்குப் பல வருடம் சீனியர்.

கேனை இறக்கி வைத்ததும் அடுத்த பாடம். "போன் அடிச்சா 'கம்ப்யூட்டர் சென்டர்'னு சொல்லணும். பையங்க வீட்லேருந்து ஆரும் வந்தா நீங்கதான் வாத்தியார்."

"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"அங்கன மூலையில."

மூலையில் பெட்ஷீட் போர்த்தி ஏதோ இருந்தது. தூக்கிப் பார்த்தேன். யாரோ இலவசமாகக் கொடுத்த தையல் மெஷின். "போர்வைய மட்டும் எடுத்துராதீங்க" என்றாள்.

சிரிக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தால் நாம் வீடு போய்ச் சேருமுன் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் ஊர் இது. பையன்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். எனக்கும் அந்தப் பொய் ரொம்ப வசதி. பத்தமடையில் இருக்கும் என் அக்காவிடம் நானும் கம்ப்யூட்டர் வாத்தியார் என்றே சொல்லிவிட்டேன். அடுத்தவனுக்குத் தைரியம் சொல்லிச் சம்பளம் வாங்கிய ஆசாமியின் தைரியம் அவ்வளவுதான்.

2. வாய்க்கொழுப்பு

செல்வம் ராதாபுரம் பக்கத்துப் பையன். ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு வந்தால் எல்லோருக்கும் அவன்தான் சமைப்பான். பாளையங்கோட்டைப் பையன் ஒருவனோடு மனசு ஒத்துப்போய், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு எடுக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவன் அம்மா பை நிறையப் பனங்கிழங்கோடு படியேறி வந்துவிட்டார். "எம் மவன் எப்படிப் படிக்கான் சாரு?" என்று கேட்டார்.

நன்றாகப் படிக்கிறான் என்று நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நூத்துல ஒருத்தன்மா! அவன் கைய வச்சா கம்ப்யூட்டர் பேசும்" என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு இன்னும் உற்சாகம். மாதாமாதம் வந்தார், மாதாமாதம் நானும் ஏற்றிச் சொன்னேன். பெங்களூரில் அவனைக் கேட்கிறார்கள் என்றுகூடச் சொன்னேன். மல்லிகா கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணாச்சி, பைய போங்க. அடுத்த மாசம் அவன கலெக்டர் ஆக்கிப்புடாதீங்க."

ஒரு சாயங்காலம் செல்வம் வந்து என் எதிரே உட்கார்ந்தான். பிறகு சொன்னான். "எனக்குப் பொண்ணு பார்த்துட்டாங்க. நீங்க சொன்னத எங்க மாமா ஊர் பூரா சொல்லிட்டு அலையுதாரு. பொண்ணோட அப்பா ஞாயித்துக்கெழம உங்கட்ட விசாரிக்க வாராரு. என்னப் பத்தி மட்டமாச் சொல்லிருங்க அண்ணாச்சி."

"வேண்டாம்னு நீயே வீட்ல சொல்லேம்லே."

"காரணம் கேப்பாங்கள்ளா?" என்றான். "இது நடந்தா எனக்கும் போச்சு, அந்தப் பிள்ள வாழ்க்கையும் போச்சு."

கவுன்சலிங் பயிற்சியில் கற்றது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. என் வாயால் வந்த வினை என்பது மட்டும் தெரிந்தது.

3. விசாரணை

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை, தோளில் துண்டு. கூடவே செல்வத்தின் அம்மா. செல்வம் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். குடிகாரன் என்று சொன்னால் அவன் பெயர் கெட்டுவிடும். அதனால் உள்ளதையே சொல்லி, கேட்கிறவருக்குப் பிடிக்காதபடி சொல்வது என்று திட்டம் போட்டிருந்தேன். ராத்திரியெல்லாம் யோசித்த திட்டம்.

"பையன் பழக்கவழக்கம்லாம் எப்படி சார்வாள்?"

"பொம்பளப் பிள்ளைங்களத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்" என்றேன், குற்றம் சொல்கிற குரலில்.

"பேஷ்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!"

"எந்நேரமும் சேக்காளிமாரோடதான் கெடப்பான்."

"நாலு மனுசங்க வேணும்லா."

"லீவு நாளானா அடுப்படிய விட்டு நகர மாட்டான்."

"எம் மவளுக்குச் சோறு வடிக்கவே வராது. கடவுளாப் பார்த்துல்லா சேர்த்து வைக்காரு!"

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. மல்லிகா சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறாள் என்று புரிந்தது. "கல்யாணத்துலயே அவனுக்கு நாட்டம் இல்ல" என்று கடைசியாக ஒன்றைப் போட்டேன்.

"எனக்கும்தான் இல்லாம இருந்துச்சு. கட்டி வச்சாச் சரியாயிரும்." அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "வாற முகூர்த்தத்துலயே நிச்சயத்த வச்சிருவோம்."

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. கீழே காத்திருக்கும் பையனிடம் எந்த முகத்தோடு போவது?

"அண்ணாச்சி, செத்த நில்லுங்க" என்று அவரை நிறுத்தினார் செல்வத்தின் அம்மா. "எம் மவனுக்கு இதுல இஷ்டமில்ல. உங்க பிள்ளைக்கு நல்ல இடமாப் பாருங்க."

"என்னம்மா, இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டு இப்பம் சொல்லுதீங்க?"

"இப்பமாவது சொல்லுதேம்லா."

அவர் முகம் கறுத்துவிட்டது. தடதடவென்று படியிறங்கிப் போனார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவன் மனசு தெரிஞ்ச நீங்க எதையாவது சொல்லிக் கெடுத்துவிட்டுருவீங்கன்னுதான் அவர இங்கன கூட்டிட்டு வந்தேன். நீங்க என்னடான்னா அவனத் தூக்கித் தூக்கி வைக்கீங்க!"

"நானும் கெடுக்கத்தாம்மா பார்த்தேன்."

"கெடுக்கவும் தெரியல, பாடம் நடத்தவும் தெரியல." நேராக மூலைக்குப் போய்ப் பெட்ஷீட்டை இழுத்தார். "கம்ப்யூட்டராம்! மொத நாளே பார்த்துட்டேன். போர்வைக்குக் கீழ பெடல் தெரியுதுலா?"

பெட்ஷீட்டை எடுத்து மறுபடி போர்த்தினேன். "பொறவு எதுக்கும்மா மாசாமாசம் வந்தீங்க?"

"ஊர்ல அவன் நடையக் கிண்டல் பண்ணாத ஆளு கெடையாது, சாரு. எம் மவன் நல்லவன்னு வாய் நிறையச் சொல்ல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. அதக் கேக்கத்தான் வந்தேன்."

நான் அழுதுவிட்டேன். பயிற்சி பெற்ற கவுன்சலர் தேம்பித் தேம்பி அழ, தேற்றப்பட வேண்டிய அம்மா என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். தட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்ல தெரியுமா?"

"என்னதும்மா?"

"அதான்."

"சாயங்காலம் கிளாஸ் இருக்கும்மா" என்றேன். பழக்கதோஷம். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

பிறகு கீழே போனார். டீக்கடையில் மகனிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் கையிலிருந்த வடையைப் பாதி பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

4. பத்தமடை

அடுத்த லீவில் அக்கா வீட்டுக்குப் போனேன். எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. "அக்கா, நான் கம்ப்யூட்டர் வாத்தியார் இல்ல" என்று தொடங்கி, மையம் எதற்கென்று சொல்லி, நானும் அங்கே வருகிறவர்களில் ஒருத்தன்தான் என்பதையும் சொல்லி முடித்தேன். அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அப்பம் ஒனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"ஏலே, பக்கத்துத் தெருப் பிள்ளைங்களுக்கு ஒங்கிட்ட இடம் வாங்கித் தாரேன்னு சொல்லி வச்சிருக்கேனே! அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"மத்தது?"

மறுபடி அவரைக்காயை எடுத்து நறுக்கினாள். "மத்தத நான் பைய யோசிக்கேன். நீ சாப்பிடு" என்றாள். சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலும் அழுதேன்.

புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் அடி விழும் என்று பயந்து வருகிறவனுக்குப் போர்வை வேண்டும், அதை நீங்களாக இழுத்துவிடாதீர்கள். ஆனால் வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கண் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது ஒருவர் பெடலைப் பார்த்துவிட்டு, நாம் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கலாம்.

அக்கா கொஞ்ச நாள் நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் மையத்துப் போன் அடித்தது.

"ஹலோ, கம்ப்யூட்டர் சென்டர்" என்றேன்.

"மண்ணாங்கட்டி" என்றாள் அக்கா. "சாப்ட்டியாலே?"