ஏரி மேடையில் ஒரு நைனா

எங்கள் குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த ஒரே பாட்டு நாடகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. அதில் எங்களுக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டோம்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் வீடு. அப்பாவுக்கு இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் வேலை. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால், ஒரு கையில் டிபன் டப்பாவும் மறுகையில் சீப்புமாக ஓடுவாள். பாதி தலை பஸ்ஸில்தான் பின்னப்படும்.

மாடி போர்ஷனில் ஒருவர் வாடகைக்கு இருந்தார். எனக்கு அவர் மாடி அண்ணன். ஏதோ புது மெஷினைப் பழகிவர அவருடைய கம்பெனி அவரை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வந்தவர் தெருவுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார். எங்களுக்கு மட்டும் சாக்லேட்டோடு ஒரு பென் டிரைவும் வந்தது.

“அங்க ஏரிக்குள்ளயே மேட போட்டு நாடகம் போட்றாங்கண்ணே. எங்கள இட்டுக்கினு போயி காட்னாங்க. செம காமெடி. அதே நாடகம், வீடியோ எடுத்தது இதுல கீது” என்றார் அப்பாவிடம்.

“பாஷ புரியாதேப்பா.”

“கூத்துல பாதி பாட்டு நமக்கே புரியாது. உக்காந்து பாக்கறோமே?”

அப்பாவுக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மாடி அண்ணனுக்கும் இங்கேதான் சாப்பாடு. அம்மா அவர் தட்டில் நல்லி எலும்பாகப் பார்த்துப் போட்டிருந்தாள். அது பின்னால் அவர் வாயைக் கட்டிப்போடப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் அம்மாவின் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவும் சித்தியும் பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவர்கள். ஆந்திரா எல்லை, அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நைனா, அதாவது என் தாத்தா, நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் எங்கள் வீட்டு முடிவுகளை அவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த டிவியை வாங்கும்போதுகூட, “எங்க நைனா இருந்தா பெருசாத்தான் வாங்கச் சொல்லுவாரு” என்றாள் அம்மா. பெரியதாகத்தான் வாங்கினோம்.

சித்திக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையும் நைனா கணக்கில்தான் வந்தார். பள்ளிப்பட்டில் நிலபுலன் உள்ள குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பூ வைக்க வருவதாக இருந்தது. பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. சித்தி ஒரு வாரமாக வேண்டாம் வேண்டாம் என்று சமையலறையில் அம்மா பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் எதைச் சொன்னாலும் அம்மாவிடம் ஒரே பதில்: “நைனா வாய் வார்த்த குட்த்த எடம்டி அது.”

நாடகம் ஆரம்பித்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நிஜமான ஏரி, அதன்மேல் மேடை, மேடையில் ஒரு முழுத் தெருவே கட்டியிருந்தார்கள். திரை கிடையாது. ஆட்கள் படகில் வந்து இறங்கிப் பாடினார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஓடவில்லை. பார்க்க வந்தவர்கள் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேடையில் இருந்தவர்கள் நனைந்தபடியே ஆடினார்கள். காற்றில் ஒருவருடைய டோப்பா பறந்தது. அவர் அதைப் பிடிக்க ஓடியதும் பாட்டோடு சேர்ந்தது போலவே இருந்தது. இன்றைக்கும் எங்கே திறந்தவெளியில் மேடை போட்டாலும் நான் முதல் வரிசைக்கு ஓடுகிறேனே, அந்தப் பைத்தியம் பிடித்தது அந்த மதியம்தான்.

டோப்பா பறந்த ஆள் நல்ல குண்டு. பட்டுக் கோட்டு, தங்கப் பிடி போட்ட கைத்தடி. அவர் வரும்போதெல்லாம் கதாநாயகி இரண்டு கையையும் நீட்டி, “நைன்... ஆ! நைன்... ஆ!” என்று இழுத்துப் பாடினாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நைனான்னு கூப்புடுது! கேட்டியாடி? எங்க இருந்தாலும் அப்பன அப்பிடித்தான் கூப்புட்றாங்க பாரேன்.”

மாடி அண்ணன் வாயைத் திறந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் கதையை அம்மாதான் நடத்தினாள். குண்டர் பெண்ணைத் துரத்தினார்: நைனா கண்டிக்கிறார். பெண் ஜன்னல் வழியாகப் பூந்தொட்டியை அவர் தலையில் போட்டாள்: கை தவறிவிட்டது. குண்டர் அவள் முன்னால் மண்டி போட்டார்.

“அப்பன் எதுக்குடி பொண்ணு கால்ல உழறான்?” என்றார் அப்பா.

“முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்.”

குண்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து நீட்டினார்.

“பொறந்த நாளு” என்றாள் அம்மா, கொஞ்சமும் அசராமல்.

சித்திக்குச் சிரிப்பு பீறிட்டது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரையேறி, அப்பா தலையில் தட்ட வேண்டியதாயிற்று. இருமி முடித்ததும் மாடி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணா, நெசத்த சொல்லுங்க. அவ சொல்றாளே, அதுக்கு இன்னா அர்த்தம்?”

மாடி அண்ணன் அம்மாவைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார். “அது வந்து... ‘நைன்’னா, மாட்டேன்னு அர்த்தம். அந்த ‘ஆ’ சும்மா ராகம். எனக்கு ட்ரெய்னிங் குட்த்த ஆளு நான் பட்டன்மேல கை வெச்சா போதும், இத்ததான் சொல்லுவாரு. எனக்கு அந்த பாஷையில நல்லா தெரிஞ்ச வார்த்த அது ஒண்ணுதான்.”

“அப்ப அந்த குண்டன் அப்பன் இல்லியா?” என்றாள் அம்மா.

“மாப்ளக்கா. வேணாம்னாலும் உடாம புட்ச்சிக்கினு நிக்கிற மாப்ள.”

அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பூந்தொட்டி, மண்டி, மோதிரம் எல்லாம் கடகடவென்று வேறு கதையாக மாறியதில் எனக்கு ஒரே குஷி. முதலிலிருந்து போடச் சொல்லிக் கத்தினேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

“நானுந்தான்க்கா ஒரு வாரமா அத்தயே சொல்லிக்கினு கீறேன்” என்றாள். “உன் காதுல நைனா நைனான்னே உழுது.”

அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டார். நல்ல கட்டம்! குண்டர் மோதிரத்தோடு படகுத்துறைப் பக்கம் பின்னால் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “சவுண்டு வைங்கப்பா!” என்றேன்.

“இரு பாப்பா” என்றார் அப்பா. சித்தியிடம் திரும்பினார். “நீ எங்கிட்ட சொல்லும்மா. உங்க அக்காவ உடு. உனக்கு இன்னா தோணுது?”

“கம்பெனிய உட மாட்டேன் மாமா. அந்த ஊட்டுக்கும் போ மாட்டேன்.” சத்தமில்லாத வீட்டில் அது ரொம்பத் தெளிவாகக் கேட்டது.

மாடி அண்ணன் எழுந்து போகப் பார்த்தார். அம்மா விடவில்லை.

“உக்காரு தம்பி. அந்தப் பொண்ணு எத்தினி வாட்டி சொல்லிச்சு?”

“ஆரம்பத்துலர்ந்து சொல்லிக்கினுதான்க்கா கீது.”

“ஒருத்தனும் கேக்கல?”

“கேட்டுட்டா நாடகம் அப்பவே முடிஞ்சிடுமேக்கா.”

அம்மா டிவியில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த கதாநாயகியைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், “பள்ளிப்பட்டுக்கு போன போட்டு வர வேணாம்னு சொல்லிடுங்க. பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னே சொல்லுங்க” என்றாள். “நைனா ஏதாவது கேட்டா நான் பேசிக்கறேன்.”

சித்தி வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பா போனோடு வாசலுக்குப் போனார். இப்படியெல்லாம் எழுதினால் சித்திக்கும் மாடி அண்ணனுக்கும் முடிச்சுப் போடத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. அவர் அரக்கோணத்தில் பெண் எடுத்தார். நாங்கள் எல்லோரும் போய் பிரியாணி சாப்பிட்டோம். சித்தி கல்யாணம் செய்துகொள்ள இன்னும் சில வருடங்கள் ஆயின. அன்றைக்கு அவள் செய்தது தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டது மட்டும்தான். எனக்கோ அதுவும் தெரியாது. என் கவலையெல்லாம் குண்டர்மேல்.

ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில் அவர் படகுத்துறையின் விளிம்பைத் தாண்டி, கைத்தடி, கோட்டு, மோதிரம் எல்லாவற்றோடும் மல்லாந்து ஏரிக்குள் விழுந்தார். நிஜத் தண்ணீர்! சத்தம்கூட இல்லாமல் அத்தனை பெரிய தெறிப்பு! துள்ளிக் குதித்துத் திரும்பினால், டிவியை ஒருத்தரும் பார்க்கவில்லை. அம்மாவும் சித்தியும் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார்கள். விழுந்தவர் என்ன ஆனாரோ என்றுதான் இருவரும் அழுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பாவம், சரியாகப் பார்க்கவில்லை. நான் போய் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தேன்.

“அழாதம்மா. அவருக்கு ஒண்ணும் ஆகல. நீச்சல் தெரிஞ்சுதான் குதிச்சிருக்காரு.”

அம்மா என்னைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். அழுகை அப்படியே சிரிப்பாக மாறி, இரண்டு பேரும் தரையில் சாய்ந்துவிட்டார்கள். வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்த அப்பாகூட எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் நாடகம் ஒழுங்காகப் புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான் என்ற பெருமையோடு நான் போய் மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்தேன்.