லில்லியும் வறுத்த உப்பும்

இன்று காலை பொம்மையார்பாளையம் பீச்சில் ஒரு பெரிய சண்டை!

சண்டை போட்டது நான்தான். (வயது எழுபத்திரண்டு. முட்டி வலி தனி.)

ஒரு குதிரைக்காரன், குழந்தைகளை ஏற்றி ரவுண்டு போகிறவன். அலை சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் குதிரை நடுங்குகிறது. அது நடுங்க நடுங்க இவன் அடிக்கிறான்.

"ஏம்பா, அது பயத்துல நிக்குது. அடிச்சா பயம் போயிடுமா?" என்றேன்.

"ஆன்ட்டி, குதிரையப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? போய்க்கினே இருங்க."

எனக்கு என்ன தெரியுமாம்! வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

1975 வாக்கில் மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். என் வீட்டுக்காரர் சூசை ஜட்கா வண்டி ஓட்டினார். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை உப்பளத்துக்கும் கூனிமேட்டுக்கும் கொண்டுபோய் விடுவார். வண்டியை இழுத்தவள் லில்லி, பழுப்புக் குதிரை.

நல்ல குதிரைதான். ஒருநாள் ஒரு லாரிக்காரன் பின்னால் வந்து ஹாரனை அழுத்தியதில் வண்டியோடு பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் மிரட்சி. குடை விரித்தால் மிரளுவாள். கொடியில் வேட்டி ஆடினாலும் மிரளுவாள்.

வீட்டுக்காரரின் அண்ணன், என் மச்சாண்டார், சவுக்கோடு வந்தார். ரெண்டு நாள் விளாசினார். லில்லி மூத்திரம் போனதுதான் மிச்சம்.

"உப்பு வார ஆரம்பிக்கறதுக்குள்ள இது ஒழுங்கா இழுக்கணும். இல்லன்னா வித்துட வேண்டிதுதான்" என்று சொல்லிவிட்டார். வண்டியும் குதிரையும் அவர் பேரில்.

என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. (அண்ணன் எதிரில் அந்த வாய் சோறு தின்ன மட்டும்தான் திறக்கும்!)

அடுத்து மாமியார் கிளம்பினார்.

"குதிரைக்குக் கண்ணு பட்டிருக்குடி. சுத்திப் போட்டா சரியாப் பூடும்."

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பிடி கல்லுப்பை லில்லியின் முகத்தைச் சுற்றி மூன்று சுற்று. அப்படியே அவள் காலடியில் இருக்கிற நெருப்புச் சட்டியில் போடுவார். உப்பு படபடவென்று வெடிக்கும், பொறி பறக்கும். லில்லி கயிற்றை அறுக்கப் பார்ப்பாள்.

"பாத்தியா, எம்மாம் வெடிக்குது! ஊர்க் கண்ணு மொத்தமும் இது மேலதான்!"

மறுநாள் ரெண்டு பிடி. அதற்கு மறுநாள் மூன்று. மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்! (ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் தவறாமல் போவார். அது வேறு டிபார்ட்மென்ட்.)

பத்து நாளில் லில்லி உப்பளத்துப் பாதையில் கால் வைக்கவே மறுத்தாள். எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் ஒருநாள் வண்டியில் கூடப் போனேன். பாதையெல்லாம் பழைய குவியலை லாரியில் ஏற்றும்போது சிந்திக் காய்ந்த உப்பு. அதன்மேல் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் ஏறியதும் படபடவென்று நொறுங்கியது. லில்லியின் உடம்பெல்லாம் துடித்தது.

எனக்குச் சுருக்கென்றது. அந்த நெருப்புச் சட்டிதான் தன் பின்னாலேயே வருகிறது என்று அவள் நினைத்திருக்கிறாள், பாவம்!

"அத்த, அது அந்த வெடிக்கிற சத்தத்துக்குத்தான் பயப்படுது. நிறுத்திடுங்க."

"நேத்து வந்தவ எனக்குச் சொல்றியா? போய் வேலையப் பாரு."

பார்த்தேனே வேலையை! மாமியார் கோயிலுக்குப் போன சமயம், பானையில் இருந்த கல்லுப்பு மொத்தத்தையும் இரும்புச் சட்டியில் போட்டு, வெடிக்கிறதெல்லாம் வெடித்து ஓய்கிறவரை வறுத்தேன். ஆறவைத்துத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டேன். ஒருமுறை வெடித்த உப்பு மறுமுறை வெடிக்காது.

அன்று மாலை மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"ஏண்டி, வெடிக்கவே இல்லியே!"

"அப்படியாங்க அத்த?"

"கண்ணு போயிடுச்சுடி! போயே போயிடுச்சு!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று நாள் பார்த்துவிட்டு அவரே நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம்தான் என் வேலை. காலையில் வண்டி பூட்டாமல், வெறும் கயிற்றோடு லில்லியை உப்பளத்துப் பாதைக்குக் கூட்டிப்போவேன். அவள் நின்றால் நானும் நிற்பேன். இழுக்க மாட்டேன். சில நாள் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறோம். "சூசை பொண்டாட்டி குதிரைக்குக் காவலா?" என்று போகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கையில் கொஞ்சம் உப்பு வைத்துக் காட்டுவேன். நக்குவாள். நக்கிக்கொண்டே ஓர் அடி வைப்பாள். காலடியில் உப்பு நொறுங்கும், காதை விறைப்பாள், என்னைப் பார்ப்பாள். நான் சும்மா நிற்பேன். அப்புறம் இன்னோர் அடி. பாதை பழகியதும் காலி வண்டி. பிறகு நான் ஏறி உட்கார்ந்து குடையை விரித்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மகராசி!

உப்பு வார ஆரம்பித்த அன்று நாலு ஆளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதை முழுக்க இழுத்தாள். பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தது. ஒரு காது ஆடியது, அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என் சவுக்கு வேல செய்யுது பாரு" என்றார் மச்சாண்டார்.

"நான் சுத்திப் போட்டதுடா" என்றார் மாமியார்.

எக்கேடோ கெட்டுப் போகட்டும், லில்லி நம்மோடு இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதே வாரம் திண்டிவனத்திலிருந்து ஓர் ஆள் வந்து அவள் பல்லைப் பிடித்துப் பார்த்தான்.

"இப்பத்தான் சாதுவா இருக்குது. நல்ல வெல வரும்போதே குடுத்துடணும்" என்றார் மச்சாண்டார்.

"மிரண்டாலும் விப்பீங்க, மிரளலன்னாலும் விப்பீங்களா?" என்று நடுவீட்டில் நின்று கத்தினேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த ஆள் கயிற்றைப் பிடித்தான். யாரென்றே தெரியாதவன். ஓர் உதை விட்டிருந்தால், ஒரு தடவை முரண்டு பிடித்திருந்தால், வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போயிருப்பான்.

லில்லி முரண்டு பிடிக்கவில்லை. கயிற்றைப் பிடிக்கிற மனுஷன் கெடுதல் செய்யமாட்டான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே? அதை நம்பி, அவன் பின்னாலேயே அமைதியாக நடந்து போய்விட்டாள்.

நான் அவளுக்குச் செய்தது நல்லதா, கெடுதலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.