அம்மா வேண்டாமென்ற மஞ்சள் தொப்பி

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் எல்லாரையும்விட முக்கியமான ஆள் ஒரு இ.எஸ்.ஐ. கார்டு. பென்னலூரில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மா ஒரகடத்தில், காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பா பஸ்களுக்கு பெயின்ட் அடித்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வீட்டோடு இருந்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். கம்பெனி வேலையால் அம்மாவுக்குக் கிடைத்த அந்தக் கார்டைக் காட்டினால் காசு கேட்க மாட்டார்கள்.

அந்தக் கார்டுக்கு ஒரு குணம் உண்டு. அம்மாவின் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் கொஞ்ச நாளில் அது செல்லாமல் போய்விடும். ஏழைகளுக்கென்று அரசாங்கம் தரும் காப்பீட்டு அட்டை தனியாக உண்டுதான். அதற்கு வருமானச் சான்று கேட்டு தாலுகா ஆபீஸுக்குப் போனால், கம்பெனி சம்பளம் வருகிற வீட்டுக்குக் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். எங்களைப் பார்த்து வசதியானவர்கள் என்று சொன்ன ஒரே இடம் அதுதான். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது தொப்பிகளின் நிறம் மட்டும்.

அந்தக் கம்பெனியில் சாதாரண வேலைக்காரர்களுக்கு நீலத் தொப்பி, லைன் லீடருக்கு மஞ்சள். அம்மாவோடு அதே லைனில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே, அம்மாவுக்கு மஞ்சள் தொப்பி வரப்போகிறது, சம்பளமும் ஏறுகிறது என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாக ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம் அம்மா சிரித்தாள். அவர்கள் போனதும் அடுப்பை அணைத்துவிட்டு, சோறு வெந்ததா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்கிக்கோயேன். எனக்காவ எத்தினி நாளைக்குத்தான் நீ கீழயே நின்னுகினு இருப்ப?" என்றார் அப்பா.

"நீ கம்முனு இரு" என்றாள் அம்மா.

மறுநாள் அவள் சூப்பர்வைசரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கோபம். பெயர் மேலே போய்விட்டது, இனி தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நிற்பேன். அம்மாவின் பையில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பேன். வீட்டு வாசலில் அப்பாவும் காத்திருப்பார். அவர் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், அவள் இல்லையென்று தலையாட்டுவாள். தொப்பி கிடைக்கவில்லையே என்றுதான் அவர்களும் தவிக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்காகவும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

கடைசியில் மஞ்சள் தொப்பி பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போனது. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அம்மாதான். அன்று அம்மா எனக்கு பிரியாணி வாங்கி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அழுகையாக வந்தது. கம்ப்யூட்டரில் கணக்குப் போட வராது, பயமாக இருக்கிறது, தொப்பி வேண்டாம் என்று அம்மாவே மேலதிகாரியிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதாக அக்கா சொன்னாள். நான் நேராக அப்பாவிடம் போனேன்.

"அம்மாவுக்கு பயமாப்பா? அதான் வேணாம்னுச்சா?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா பாப்பா. பயந்துதான் வேணாம்னுச்சு" என்றார்.

பயம்தானே, போக்கிவிடலாம் என்று நானே களத்தில் இறங்கினேன். சாயங்காலமானால் அம்மாவை உட்காரவைத்து, பள்ளியில் கற்ற கம்ப்யூட்டர் பாடத்தை அவளுக்கு நடத்துவேன். அவளுடைய போனிலேயே எழுத்தும் எண்ணும் தட்டச் சொல்வேன். வேண்டுமென்றே தப்பாகத் தட்டுவாளோ என்னவோ, நான் திட்டும்போதெல்லாம் சிரிப்பாள். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

பாடம் முடிந்ததும் ஜெபம். அம்மாவும் நானும் முழங்கால் போட்டுக்கொள்வோம், நான்தான் வாய்விட்டுச் சொல்வேன். கர்த்தரே, எங்க அப்பாவைக் காப்பாற்றும் என்பேன். அம்மா சத்தமாக ஆமென் சொல்வாள். அடுத்த வருஷமாவது எங்க அம்மாவுக்குச் சம்பளத்தை ஏத்திக் கொடும் என்பேன். பக்கத்திலிருந்து சத்தமே வராது. வேலை அலுப்பில் கண் அசந்துவிட்டாள் என்று நினைத்து, அதற்கும் நானே ஆமென் சொல்லிவிடுவேன்.