குடல் நரம்பும் கோடை மழையும்

செல்லோ என்கிற பெரிய வயலின் வாசிக்கும் என் சிநேகிதிக்கு இடது மணிக்கட்டில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு விரல்கள் பழையபடி ஓடுமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அதற்குள் ஒரு காரியம் முடிந்தாக வேண்டும் என்றாள். அவளுடைய நால்வர் குழு பல வருஷமாக வாசித்துவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையை, அந்தக் காலத்து முறையிலேயே, ஸ்டீல் கம்பி இல்லாமல் ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய வாத்தியங்களில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்கிறவள் நான்.

சென்னையில் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் மண்ணைக் கவ்வினோம். கடல் காற்றின் ஈரத்தைக் குடித்து நரம்பு ஊதிவிடும். ஒரு பகுதியை வாசித்து முடிப்பதற்குள் சுருதி நழுவிவிடும். ஏசி போட்டால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறும். எரிச்சலில் நான்தான் சொன்னேன், எங்கள் ஊருக்குப் போவோம் என்று. கோவில்பட்டியில் பங்குனி மாதம் காற்றில் ஈரம் என்று ஒன்று கிடையாது.

என் அண்ணன் அங்கே தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை லீவு, காலி அட்டைப்பெட்டி அடுக்கிய குடோன் சும்மா கிடக்கும். விஷயத்தைச் சொன்னபோது முதலில் சிரித்தான்.

“ஆட்டுக் கொடலக் கொழம்பு வச்சுத் தின்னுருக்கேன். அதுல பாட்டு வரும்னு இப்பந்தான் கேள்விப்படுதேன்.”

ஈரத்தைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “அது என்னட்டி, நம்ம தீக்குச்சி மாதிரில்லா இருக்கு! மழ பேஞ்சா எனக்கும் மருந்து காயாது. அவியள இங்கன வந்து வாசிக்கச் சொல்லு.”

வந்தார்கள். வேகமான பகுதிகள் எல்லாம் காலையிலேயே மளமளவென்று முடிந்தன. ரயில் ஹார்னுக்காக நிறுத்தியதைத் தவிர வேறு தொல்லையில்லை. நரம்பு சொன்னபடி கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மீதி இருந்தது மெதுவான பகுதி. அதுதான் அவளுக்கு உயிர். செல்லோ தனியாகத் தொடங்கும், மற்ற மூவரும் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மணிக்கட்டைப் பிசைந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

குடல் நரம்பில் வில் படும்போது ஒரு சின்னக் கரகரப்பு வரும், தொண்டையைச் செருமாமல் பேசுகிறவர் குரல் மாதிரி. அதைக் கேட்கத்தான் இவ்வளவு பாடும். பாதி போயிருக்கும், தகரக் கூரையில் டொக்கென்று ஒரு துளி. பிறகு இன்னொன்று. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் “ஏலே, மழ! மழ வருதுலே!” என்று கத்தியது மைக்கில் தெளிவாக விழுந்தது. கரிசல் காட்டில் பிறந்தவள் மழையைத் திட்டக் கூடாது. நான் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். அவள் கண் மூடியிருந்தது. அவள் நிறுத்தாததால் மற்றவர்களும் நிறுத்தவில்லை. கூரை முழுக்க மழை இரைய, கடைசி சுரம் வரை வாசித்தார்கள்.

மழை விட்டதும் மறுபடி முயன்றோம். நரம்பு சுருதியில் நிற்கவில்லை. அவள் விரல்களால் அதை அழுத்தவும் முடியவில்லை. வாசலில் அண்ணன் வானத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்திருந்தான். ஊரிலேயே அந்த மழைக்காக வருத்தப்பட்டது நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

சென்னைக்கு வந்து கம்ப்யூட்டரில் மழையைத் துடைத்துப் பார்த்தேன். மழையோடு நரம்பின் கரகரப்பும் சேர்ந்து போனது. மிஞ்சியது ஸ்டீல் கம்பியில் வாசித்ததுபோல வழவழவென்று இருந்தது. அழுகையாக வந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த பிறகு அவளைப் பார்க்கப் போனேன். சுண்டுவிரல் மடங்கவில்லை. எனக்கு ஆற்றாமை.

“அன்னைக்கு நீ என்னைப் பார்த்திருந்தா உடனே நிறுத்தியிருக்கலாம். கையையும் கொஞ்சம் மிச்சம் பிடிச்சிருக்கலாம். ஈரம் காஞ்சதும் முதல்ல இருந்து எடுத்திருக்கலாம்” என்றேன்.

“நீ கையைத் தூக்கினதைப் பார்த்தேன்” என்றாள். “பார்த்துட்டுத்தான் கண்ணை மூடினேன். இன்னொரு தடவை வாசிக்க அப்பவே என் கையில ஒண்ணும் மிச்சம் இல்லை.”